புரியாத பிள்ளைக்கு இங்கே என்ன நடக்கும்?

அனைவருக்கும் வணக்கம்.

எந்தப் பள்ளியில் சேர்க்கலாம் என்று ஒரு பெயரைச் சொல்லிவிடுவேன் என நம்பி வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். பள்ளிக்குள் நுழைந்ததும் எதைக் கேட்பது, எதைப் பார்ப்பது என்பதைத்தான் பேசப்போகிறேன். நம்மில் பலர் அங்கே போய் எதுவும் கேட்பதில்லை. அவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்லிவிட்டு, இடம் கிடைத்தால் போதும் என்று கும்பிட்டுவிட்டு வருகிறோம்.

வாசலில் பெரிய பலகை: நூறு சதவீதத் தேர்ச்சி. அந்த நூறு எப்படி வந்தது? சேர்க்கும்போதே சோதனை வைத்து, நன்றாகப் படிக்கிறவர்களை மட்டும் எடுத்து, இடையில் தடுமாறுகிறவனின் பெற்றோரிடம் "வேறு பள்ளி பாருங்களேன்" என்று பக்குவமாகச் சொல்லி அனுப்பிவிட்டால், நூறு வராமல் வேறென்ன வரும்? ஆகவே இப்படிக் கேளுங்கள்: "முதல் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இங்கேயே படித்து முடித்தார்கள்?" முதல்வர் தயங்காமல் பதில் சொன்னால் உட்கார்ந்து பேசுங்கள். பேச்சை நீச்சல் குளத்தின் பக்கம் திருப்பினால், உங்களுக்கே புரிந்துவிடும்.

1966இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியலாளர் தலைமையில் ஓர் அறிக்கை வந்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைப் பற்றிய ஆய்வு அது. பிள்ளைகளின் கல்வித் திறனில் காணும் வேறுபாட்டுக்குக் கட்டடத்தையும் கருவிகளையும்விட வீட்டுச் சூழலே பெரிய காரணம் என்றது. கசப்பான செய்திதான். ஆனால் ஆசிரியரின் தரம் முக்கியம் என்றும், பின்தங்கிய பிள்ளைகளுக்கு அது இன்னும் முக்கியம் என்றும் அதே அறிக்கை சொன்னது. எனவே ஆய்வுக்கூடத்தைச் சுற்றிக் காட்டும்போது, "இங்குள்ள ஆசிரியர்கள் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார்கள்?" என்று கேட்டு வையுங்கள். ஆண்டுதோறும் பாதிப் பேர் விலகிப்போகும் பள்ளியில், உங்கள் பிள்ளையை அறிந்தவர் யார் இருப்பார்?

வகுப்பில் எத்தனை பேர் என்பதும் அற்பமான விஷயமல்ல. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985இல் ஒரு பெரிய சோதனையைத் தொடங்கினார்கள். 13 முதல் 17 பிள்ளைகள் கொண்ட சிறு வகுப்புகள் ஒருபுறம், 22 முதல் 25 பேர் கொண்ட வழக்கமான வகுப்புகள் மறுபுறம். சிறு வகுப்பில் இருந்தவர்கள் நன்றாகவே முன்னேறினார்கள். பெரிய வகுப்பில் கூடுதலாக ஓர் உதவியாளரை நிறுத்திப் பார்த்தபோது அந்த அளவுக்குப் பலன் இல்லை. "நாற்பது பேர் இருந்தாலும் உதவிக்கு ஆள் இருக்கிறது" என்று யாராவது சொன்னால் இது நினைவுக்கு வரட்டும்.

பெயர்ப்பலகையிலும் மயங்க வேண்டாம். இத்தாலிய மருத்துவரும் கல்வியாளருமான மரியா மாண்டிசோரி 1907இல் ரோம் நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் தம் முதல் பள்ளியைத் தொடங்கினார். இன்று அவர் பெயரை யார் வேண்டுமானாலும் எழுதி மாட்டிக்கொள்ளலாம். வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் இருக்கிறார்களா, தாங்களே எடுத்த வேலையில் நெடுநேரம் இடையூறின்றி மூழ்கியிருக்க விடுகிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கே அவர் முறையில் பயன்படும் மரக்கட்டைகள் அலமாரியில் இருக்கின்றன, அவர் முறை இல்லை.

இத்தனைக்கும் மேலாக நான் வற்புறுத்தும் கேள்வி ஒன்று உண்டு: "பாடம் புரியாத பிள்ளைக்கு இங்கே என்ன நடக்கும்?" "எங்கள் பள்ளியில் அப்படி யாரும் இல்லை" என்றால் எழுந்துவிடுங்கள். "தனிவகுப்பு வைத்துக்கொள்ளுங்கள்" என்றால், தன் வேலையை உங்கள் தலையில் கட்டுகிறது அந்தப் பள்ளி. "பின்னக் கணக்கு வராமல் ஒருவன் திணறினான், காகிதத்தை மடித்து வெட்டிக் காட்டினோம், அப்புறமும் வரவில்லை, அடுத்த வாரம் வேறு மாதிரி முயன்றோம்" என்று ஓர் ஆசிரியர் சொன்னால், அவர் வகுப்பில் உங்கள் பிள்ளை தைரியமாகத் தப்புச் செய்யலாம்.

வாய்ப்பதிலை மட்டும் நம்பாமல், நோட்டுப் புத்தகங்களைக் கேட்டு வாங்குங்கள். காட்சிக்கு வைத்திருப்பது வேண்டாம். சுமாராகப் படிக்கும் இரண்டு மூன்று பிள்ளைகளுடையது போதும். எல்லாவற்றிலும் ஒரே கட்டுரை வரிக்கு வரி அப்படியே இருந்தால், கரும்பலகையைப் பார்த்து எழுதியது. சிவப்புப் பேனா பெருக்கல் குறி போட்டதோடு நின்றுவிட்டதா, கீழே பிள்ளை மறுபடி செய்து பார்த்த தடம் இருக்கிறதா? அந்தத் தடம் இருந்தால், கையேட்டில் அச்சிடாத ஒன்றை நீங்கள் பார்த்துவிட்டீர்கள்.

தூரத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரை ஒன்பது மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். பஸ்ஸைப் பிடிக்க ஐந்தரைக்கு எழ வேண்டுமானால், முந்தைய இரவு எட்டரைக்கே தூங்கியிருக்க வேண்டும். உங்கள் வீட்டில் அது நடக்கிற காரியமா?

கடைசியாக, மூத்தவள் படித்த பள்ளி என்பதற்காக இளையவனையும் யோசிக்காமல் அங்கேயே சேர்க்கிறோம். கூட்டிக்கொண்டு போய் விடுவதற்கு எளிதுதான், மறுக்கவில்லை. இருந்தாலும் புதிதாகப் போவதுபோல ஒருமுறை போய், இதே கேள்விகளைக் கேளுங்கள். முதல்வர் மாறியிருக்கலாம், மூத்தவளுக்குப் பிடித்த ஆசிரியர் வேலையை விட்டிருக்கலாம், இளையவன் அவளைப் போன்ற பிள்ளையாகவும் இல்லாதிருக்கலாம்.