போஸ்டர் மாத்துச்சா, மத்தது மாத்துச்சா?

அடுத்த கேள்வி, உயர்நிலைப் பள்ளி ஆசிரியை ஒருத்தங்க கேட்டிருக்காங்க: “பிரசார போஸ்டர் பத்திப் பாடம் எடுக்கறேன். சமுதாயத்துல என்ன தாக்கம்னு கேட்டா, ‘கலர் பளிச்சுன்னு இருக்கு, அதனால மக்கள் மாறினாங்க’ன்னே எல்லாரும் எழுதறாங்க. என்ன பண்றது?”

பிள்ளைங்க மேல தப்பில்லங்க. போஸ்டரை மட்டும் கையில கொடுத்துட்டுத் தாக்கத்தைக் கேட்டா, அவங்க வேற எதை எழுதுவாங்க? தாக்கம் அந்தத் தாளுக்குள்ள இல்லியே.

முதல்ல, ஹிட்லர் காலத்துப் போஸ்டர்ல ஆரம்பிக்காதீங்க. பிரசாரம்னா கெட்டவங்க சொல்ற பொய்னு முடிவு கட்டிடுவாங்க, அப்புறம் யோசிக்க ஒண்ணும் இருக்காது. தமிழ்ல வேற, தேர்தலுக்கு ஓட்டுக் கேக்கறதும் பிரசாரம்தானே! நம்ம சிங்கப்பூர்ப் போஸ்டரையே எடுங்க. 1970கள்ல குடும்பக் கட்டுப்பாட்டுக்காகப் போட்ட ‘ஆணோ பெண்ணோ, ரெண்டு போதும்’ போஸ்டர் இருக்கு பாருங்க, அது நல்லா வேலை செய்யும்.

ஏ3 அளவுல கலர்ல அச்செடுங்க, நாலு பேருக்கு ஒண்ணு. வாசகத்தை ஒட்டுத்தாள் வச்சு மறைச்சிடுங்க. 2 நிமிஷம் படத்தை மட்டும் பாக்கட்டும். ரெண்டு சின்னப் பொண்ணுங்க, ஒரே குடை, கையில ஒரு ஆப்பிள். “ஏன் ரெண்டுமே பொண்ணு?”ன்னு கேட்டுட்டுச் சும்மா இருங்க, அவசரப்பட்டு நீங்களே சொல்லிடாதீங்க. பையன் வேணும்னு மூணாவது பெத்துக்கற வீடுங்கதான் குறின்னு யாராவது ஒருத்தர் பிடிச்சிடுவாங்க. “குடைக்குள்ள இன்னொருத்தி வந்தா?” நனைவா. குடையே சொல்லிடுச்சு, வார்த்தையே தேவைப்படல. இப்ப ஒட்டுத்தாளை எடுங்க.

அதுக்கப்புறம்தான் முக்கியமான வேலை. ரெண்டாவது தாள் ஒண்ணு கொடுங்க. அதுல அந்தக் காலத்து விதிமுறைங்க: 1970லேர்ந்து கருக்கலைப்புச் சட்டம் தளர்ந்துச்சு, பிள்ளை கூடக்கூடப் பிரசவக் கட்டணம் ஏறுச்சு, சம்பளத்தோட பிரசவ விடுப்பு முதல் ரெண்டு பிள்ளைக்கு மட்டும்னு ஆச்சு. கூடவே பிறப்பு விகிதம், அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரியா எத்தனை பிள்ளைங்கறது: 1965ல 4.66, 1970ல 3.07, 1975ல ஏறக்குறைய 2.1.

‘ரெண்டு போதும்’ இயக்கம் 1972லதான் வந்துச்சு. 1970க்குள்ளயே இவ்வளவு இறங்கியிருக்கே, எப்படி? இங்கதான் வகுப்பு சூடு பிடிக்கும். 1966லயே குடும்பக் கட்டுப்பாட்டு வாரியம் வந்தாச்சு, பெண்கள் படிச்சாங்க, வேலைக்குப் போனாங்க, குடும்பங்க வீவக கட்டின அரசாங்க அடுக்குமாடி வீட்டுக்கு மாறினாங்க. இதையெல்லாம் பக்கத்துல வச்சுப் பாத்தாதான் போஸ்டரோட பங்கு எவ்வளவுன்னு பேச முடியும். 1987ல அரசாங்கம் திருப்பிப் போட்டு, ‘முடிஞ்சா மூணு, அதுக்கு மேலயும்’னு சொன்னதையும் காட்டுங்க. 1988ல 1.96க்கு ஏறுச்சு, ஆனா அது டிராகன் வருஷம், பிள்ளை பொறந்தா ராசின்னு சீனக் குடும்பங்க நினைக்கற வருஷம். 2000ல 1.6க்கு வந்துடுச்சு. குறைக்கச் சொன்னப்ப காத்து கூட வீசுச்சு, கூட்டச் சொன்னப்ப எதிர்க்காத்து.

இன்னொரு குழப்பமும் வரும். பிரபலமா இருந்தா தாக்கம் பெருசுன்னு நினைப்பாங்க. ‘We Can Do It!’னு கையை மடக்கிப் புஜத்தைக் காட்டற அமெரிக்கப் பெண்ணோட போஸ்டர் இருக்கே, அது 1943ல ஒரே கம்பெனியோட தொழிற்சாலைங்கள்ல ரெண்டு வாரம்தான் தொங்குச்சு. உலகத்துக்கே தெரிஞ்சது 1980கள்ல.

போஸ்டர் வரையச் சொல்றதா இருந்தா கடைசியில வச்சுக்கங்க. மொதல்லயே சொன்னா ‘தண்ணீரைச் சேமிப்போம்’னு ஒரு சொட்டு வரைஞ்சு முடிச்சிடுவாங்க. யாருக்குன்னு ஒரே ஒரு ஆளை எழுதிக்கணும், ஒரு படம், 5 சொல்லுக்கு மேல கூடாது. சுவர்ல ஒட்டிட்டு 3 மீட்டர் தள்ளி நின்னு பக்கத்துக் குழு படிக்கட்டும். யாருக்காகப் போட்டதுன்னு அவங்களால சொல்ல முடியலன்னா, திருப்பிக் கொடுத்து மாத்தச் சொல்லுங்க.