பாலத்துக்கு அடியில் ஒரு பூதம்

நேயர்களுக்கு வணக்கம்.

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த விடுமுறையில் என் மகள் ஒரு நாவலும் கையுமாகத் திரிந்தாள். ஒரு கையில் புத்தகம், இன்னொரு கையில் அலைபேசி. சரி, படிக்கிற சாக்கில் அரட்டை அடிக்கிறாள் என்று எட்டிப் பார்த்தேன். அலைபேசியில் நியூயார்க் நகர வரைபடம் திறந்திருந்தது. மன்ஹாட்டன் பாலத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். "அதுக்குக் கீழதாம்பா அந்தப் பூதம் இருக்கு" என்றாள்.

ஹாலி பிளாக் எழுதி 2005இல் வெளிவந்த 'வேலியன்ட்' என்ற நாவல் அது. அன்றிரவே நானும் படிக்க உட்கார்ந்தேன். வேலரி என்ற பதினேழு வயதுப் பெண், வீட்டில் நடந்த ஒரு துரோகத்தைத் தாங்க முடியாமல் நியூயார்க்குக்கு ஓடிப்போகிறாள். கைவிடப்பட்ட சுரங்க ரயில் நிலையத்தில் படுத்துறங்கும் ஒரு சிறு கூட்டத்தோடு சேர்கிறாள். அவர்கள் செய்யும் வேலை விசித்திரமானது. பாலத்தடியில் வாழும் பூதம் ஒரு மருந்து காய்ச்சுகிறது. அதை நகரத்தில் ஒளிந்து வாழும் மாய மனிதர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

எதற்கு மருந்து? ஐரோப்பியப் பழங்கதைகளில் மாய மனிதர்களுக்கு இரும்பு ஆகாது. அதனால்தான் அங்கே வாசலில் லாடம் அடித்தார்கள். நமக்கும் இது புதிதல்ல. இருட்டிய பிறகு கறிக்குழம்பு கொடுத்தனுப்பினால் கூடவே ஒரு கரித்துண்டையோ ஆணியையோ போட்டனுப்பும் பாட்டிகள் நம் வீடுகளிலும் உண்டு. மாய மனிதர்கள் காட்டில் இருந்தவரை பிரச்சினை இல்லை. நியூயார்க்கில் பாலம் இரும்பு, ரயில் இரும்பு, கட்டடத்தின் எலும்பும் இரும்பு. தங்கள் நாட்டிலிருந்து துரத்தப்பட்டு அங்கே வந்து சேர்ந்தவர்களை நகரமே கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்கிறது. அதைத் தாங்கத்தான் மருந்து. அதையே மனிதப் பிள்ளைகள் ஊசியில் ஏற்றிக்கொண்டால் போதை. கொஞ்ச நேரத்துக்கு மாயசக்தியும் கிடைக்கிறது. அப்புறம் அது இல்லாமல் இருக்க முடிவதில்லை. போதைப் பழக்கத்தைப் பற்றி எத்தனையோ அறிவுரைக் கதைகள் படித்திருக்கிறேன். எதிலும் இவ்வளவு பயந்ததில்லை.

இந்த வகைக்கு அர்பன் ஃபேன்டசி என்று பெயர். நகர மாயக்கதை என்று வைத்துக்கொள்வோம். எண்பதுகளில் வட அமெரிக்காவில் உருவெடுத்தது. 1987இல் எம்மா புல் எழுதிய 'வார் ஃபார் தி ஓக்ஸ்' நாவலில் மினியாபொலிஸ் நகரத்து ராக் பாடகி ஒருத்தி மாய அரசுகளின் போரில் மாட்டிக்கொள்கிறாள். கற்பனை ராஜ்ஜியம் எதுவும் தேவைப்படவில்லை. அந்த ஊரின் பூங்காக்களும் இசை அரங்குகளுமே போர்க்களமாகிவிட்டன.

வேறு உலகத்துக்குக் கூட்டிப்போகும் மாயக்கதைகளிலிருந்து இது விலகுவது இந்த இடத்தில்தான். அவற்றில் ஒரு கதவைத் திறந்தால் நம் ஊர் மறைந்துவிடும். இங்கே ஊர் எங்கும் போவதில்லை. பூதத்தோடு சண்டை போட்டுவிட்டுக் கடைசி ரயிலைப் பிடிக்க ஓட வேண்டும். நம் பேய்க்கதை சொல்லிகளுக்கும் இந்த சூட்சுமம் தெரியும். "ஏதோ ஒரு மரத்தில் பேய்" என்று அவர்கள் சொல்வதில்லை. "வாய்க்கால் தாண்டி மூணாவது புளியமரம்" என்றுதான் சொல்வார்கள். மறுநாள் அந்த வழியாகப் போகிறவன்தானே பயப்படுவான்!

ரிக் ரியோர்டன் இதை வேடிக்கையாகச் செய்தார். 2005இல் வந்த 'தி லைட்னிங் தீஃப்' கதையில் கிரேக்கக் கடவுள்களின் ஒலிம்பஸ் மலை, எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் 600வது மாடியில் இருக்கிறது. நிஜத்தில் அதற்கு 102 மாடிகள்தான். லிஃப்டில் தனி அட்டையைச் செருகினால்தான் அந்தப் பொத்தான் தெரியும். எழுத்துகளைப் படிக்கத் திணறும் பையன்தான் கதாநாயகன். அவன் மூளை பழைய கிரேக்க மொழிக்காக அமைந்தது, அதனால்தான் ஆங்கில எழுத்துகள் அவனுக்குக் குழம்புகின்றன என்கிறது கதை. அதே சிரமம் இருந்த தன் மகனுக்காக ரியோர்டன் சொல்லத் தொடங்கிய கதை இது. வகுப்பில் மக்கு என்று பெயர் வாங்கிய பிள்ளைக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் இருக்குமா?

பதினாறு வயதில்தான் பலரும் முதன்முதலாகத் தனியாக ஊர் சுற்றுகிறார்கள். ஆனால் அந்த ஊரில் அவர்களுக்கென்று ஓர் இடம் கிடையாது. கடையில் அதிக நேரம் நின்றால் கடைக்காரர் முறைப்பார். வீட்டில் அறைக் கதவைச் சாத்தினால் நாமே முறைப்போம். அப்படிப்பட்டவர்களிடம் போய், பெரியவர்கள் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு நகரம் இதே தெருக்களில் இருக்கிறது, அதற்கு வழி தெரிந்தவர்கள் நீங்கள்தான் என்று ஒரு கதை சொன்னால் விடுவார்களா? நிஜத்திலிருந்து தப்பித்து ஓடுகிறார்கள் என்று சில ஆசிரியர்கள் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு யாராவது தப்பித்து ஓடுவார்களா?

இவற்றில் குப்பையும் நிறைய இருக்கிறது என்பது உண்மைதான். நூறு வயது ரத்தக்காட்டேரி இன்னமும் பள்ளிக்கூடம் போய்ப் பதினேழு வயதுப் பெண்ணைக் காதலிப்பதை என்னால் ரசிக்க முடியவில்லை. நூறு வருஷத்தில் ஒரு பரீட்சைகூடவா பாஸாகவில்லை?

எனக்கு மிகவும் பிடித்தது டேனியல் ஹோசே ஓல்டரின் 'ஷேடோஷேப்பர்'. 2015இல் வந்தது. நியூயார்க்கில் ஆம்புலன்ஸ் பணியாளராக இருந்தவர் அவர், தெருக்கள் அத்துப்படி. அதே நகரத்தின் புரூக்ளின் பகுதியில் வாழும் சியேரா, சுவரோவியம் தீட்டும் பெண். தெருவிலுள்ள பழைய ஓவியங்கள் வெளிறிக்கொண்டே வருவதைக் கவனிக்கிறாள். ஓர் ஓவியம் கண்ணீர் விடுகிறது. முன்னோர்களின் ஆவிகளை ஓவியத்தில் இறக்கும் வித்தை அவள் குடும்பத்துச் சொத்து. பெண் என்பதாலேயே தாத்தா அதை அவளிடமிருந்து மறைத்திருக்கிறார். அதே நேரம் வசதியானவர்கள் குடியேற, அவள் வளர்ந்த தெருவின் முகமே மாறிவருகிறது. ஆவிகளை நம்பாதவர்களுக்கும் அந்த வலி புரியும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: 'வேலியன்ட்' சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம், ஊசியும் போதையும் ஒளிவுமறைவில்லாமல் வருகின்றன. ஆறாம், ஏழாம் வகுப்புக்கு 600வது மாடியே போதும். என் மகள் இப்போது ஓல்டரைப் படிக்கிறாள். நேற்று பார்த்தேன், அலைபேசியில் வரைபடம் பாலத்தைத் தாண்டிப் புரூக்ளினுக்கு நகர்ந்திருந்தது.

நன்றி, வணக்கம்.