வாளுக்கு எடை உண்டு

அவையோருக்கு வணக்கம்.

சிரிப்புப் படம் என்றாலே மூலக்கதையைக் கிண்டலடிக்கும் படம் என்று நம்மில் பலருக்கு ஓர் எண்ணம் இருக்கிறது. ரிச்சர்ட் லெஸ்டர் இயக்கி 1973இல் வந்த ‘த்ரீ மஸ்கட்டியர்ஸ்’, அதன் மறுபாதியாக 1974இல் வந்த ‘ஃபோர் மஸ்கட்டியர்ஸ்’ ஆகிய இரண்டையும் இன்று பேச எடுத்துக்கொண்டது அதனால்தான். பதினேழாம் நூற்றாண்டுப் பிரான்ஸில் ராஜாவின் காவல்படை வீரர்களான மஸ்கட்டியர்களைப் பற்றி பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாண்டர் டூமா எழுதிய நாவலை இவ்வளவு சிரிக்கச் சிரிக்க எடுத்தவர்களும் குறைவு, இவ்வளவு ஒட்டி எடுத்தவர்களும் குறைவு. இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்பது என் கட்சி. நாவலில் இருக்கும் செலவுக் கணக்கை லெஸ்டர் விடவில்லை. பணச் செலவு, பசி, உடம்பு படும் பாடு எல்லாமே அந்தக் கணக்கில் சேர்த்தி.

நாவல் 1844 மார்ச் முதல் ஜூலை வரை பாரிஸின் ‘லெ சியேக்ல்’ நாளிதழில் தொடராக வந்தது. ஓகுஸ்த் மக்கே கூடவே உழைத்தார், அவர் பெயர் அட்டையில் வரவில்லை. அது பிறகு நீதிமன்றம் வரை போன விவகாரம், இங்கே வேண்டாம். முதல் அத்தியாயத்தைப் பாருங்கள். கதாநாயகன் தார்த்தன்யான் ஊரை விட்டுக் கிளம்பும்போது கையில் இருப்பது 15 எக்யூ நாணயம், அப்பா கொடுத்த கடிதம், பன்னிரண்டு பதினாலு வயது மதிக்கத்தக்க ஒரு மஞ்சள் குதிரை. கதாநாயகன் முதல் சண்டைக்குப் போவது நாட்டுக்காகவோ காதலுக்காகவோ கிடையாது. குதிரையைப் பார்த்து ஒருவன் சிரித்துவிட்டான், அவ்வளவுதான். அந்தச் சண்டையில் வாள் இரண்டாக உடைகிறது, கடிதம் திருட்டுப் போகிறது. பாரிஸ் போய்ச் சேர்ந்ததும் குதிரையை 3 எக்யூவுக்கு விற்கிறான். பிறகு ராஜா 40 பிஸ்டோல் பணம் கொடுக்கிறார். அதை என்ன செய்யலாம் என்று மஸ்கட்டியர்களான மூன்று நண்பர்களிடமும் கேட்கிறான். நல்ல சாப்பாடு போடு என்கிறான் அதோஸ், வேலைக்காரன் வைத்துக்கொள் என்கிறான் போர்த்தோஸ், காதலி தேடிக்கொள் என்கிறான் அராமிஸ். போர்த்தோஸின் தோள்வார் முன்பக்கம் மட்டும் தங்க வேலைப்பாடு, பின்பக்கம் வெறும் தோல். அதை மறைக்கத்தான் ஜலதோஷம் என்று சாக்குச் சொல்லி மேலங்கி போட்டிருக்கிறான்.

சிறுவர் பதிப்பாகச் சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது இந்தச் சில்லறைக் கணக்குகள்தான். மிஞ்சுவது வீரம், நட்பு, ராணியின் வைரப் பதக்கங்கள். திரைக்கதை எழுதிய ஜார்ஜ் மெக்டொனால்ட் ஃப்ரேஸர் நேர்மாறாகப் போனார். ‘ஃப்ளாஷ்மேன்’ நாவல்களை எழுதிய அவருக்குக் கோழை வீரனின் வரலாற்றுச் சாகசம் கைவந்த கலை. இருந்தும் இங்கே புதிதாக நகைச்சுவை சேர்க்க மெனக்கெடவில்லை, டூமா வைத்த இடத்திலேயே விட்டுவிட்டார். படத்தில் கையில் காசில்லாத நால்வரும் ஒரு சத்திரத்தில் தங்களுக்குள் சண்டை போடுவதுபோல் நடிக்கும் காட்சி அந்த மனநிலையிலிருந்து வந்ததுதான். மற்றவர்கள் பயந்து ஒதுங்க, தவறிப்போன குத்தெல்லாம் சரியாக இறைச்சியில் போய் இறங்குகிறது. வாள்முனையில் குத்திய உணவு கை மாறிக்கொண்டே இருக்கிறது. சண்டை முடியும்போது இரவுச் சாப்பாடு ஆயிற்று. இந்தக் காட்சி சிரிப்பூட்டுவதற்குக் காரணம், அந்த நால்வருக்கும் நிஜமாகவே வாள் வரும் என்பது. வாள் தெரியாதவர்கள் இதைச் செய்தால் வெறும் ரகளையாகிவிடும்.

இனி சண்டைகளுக்கு வருவோம். நான் அதிக நேரம் செலவிட விரும்பும் இடம் இதுதான்.

1921இல் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ், 1948இல் ஜீன் கெல்லி இருவரும் இதே கதையில் வாள் வீசியிருக்கிறார்கள். முன்னவரிடம் அது ஜிம்னாஸ்டிக்ஸ், பின்னவரிடம் நடனம். இருவர் கையிலும் வாள் பூப்போல இருக்கும். இன்றைய விளையாட்டு வாட்போரில் ஃபாயில் என்ற மெல்லிய வாள் 500 கிராமுக்குக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். கதை நடக்கும் 1620களின் நீண்ட வாளான ரேப்பியர் பெரும்பாலும் ஒரு கிலோவைத் தாண்டும், அலகு மட்டுமே சுமார் ஒரு மீட்டர் இருக்கும். அதைச் சட்டென்று திருப்ப முடியாது. வீச்சு தவறினால் கை தோளோடு சேர்ந்து போகும், உடம்பும் பின்னால் போகும். லெஸ்டர் படத்தின் சண்டைகளை வடிவமைத்த வில்லியம் ஹாப்ஸ் இந்த எடையைத்தான் பிடித்துக்கொண்டார். இவருடைய மஸ்கட்டியர்கள் உதைக்கிறார்கள், தள்ளுகிறார்கள், மேலங்கியைக் கையில் சுற்றிக்கொள்கிறார்கள், கைக்குக் கிடைத்ததை எறிகிறார்கள், மூச்சு வாங்குகிறார்கள். ஈரத்துணி கிடைத்தால் அதுவும் ஆயுதம்.

இப்படிக் கோணல்மாணலாகத் தெரியும் சண்டையை அமைப்பது அழகான சண்டையை அமைப்பதைவிடச் சிரமம். மேடை, திரைச் சண்டைக்கென்று ஒரு முறை உண்டு. தடுப்புகளுக்கு எண் வைத்துக்கொள்வார்கள். ஒன்றும் இரண்டும் இடுப்புக்குக் கீழே இடம் வலம், மூன்றும் நான்கும் தோள் உயரத்தில் வலம் இடம், ஐந்து தலைக்கு மேல். தாக்குபவர் முதலில் எதிராளியின் கண்ணைப் பார்க்க வேண்டும். பிறகு ஓங்க வேண்டும். ஓங்கியதைப் பார்த்து எதிராளி தடுப்புக்குக் கையைக் கொண்டுபோன பிறகுதான் வீச்சு முழுமையாக வர வேண்டும். பார்க்கிறவர்களுக்கு அடி முதலில், தடுப்பு பிறகு என்று தோன்றும், உள்ளே வரிசை தலைகீழ். குத்து உடம்பை நோக்கிப் போகாது, இடுப்புக்கோ தோளுக்கோ வெளியே ஒரு சாண் தள்ளிப் போகும். முகத்துக்கு நேரே வாள்முனை வரவே கூடாது. ஒத்திகை கால் வேகத்தில் தொடங்கி, அரை, முக்கால் என்று ஏறும். முழு வேகத்துக்குப் போகாமல் அதற்குச் சற்றுக் கீழே நிறுத்துவதுதான் நல்ல பழக்கம். ஒவ்வொரு நாளும் டேக்குக்கு முன்னால் ஒருமுறை மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.

எங்கே கெடும்? அலகின் முனையை மழுக்கியிருந்தாலும் அது இரும்புதான், கண்ணும் தொண்டையும் அதைத் தாங்காது. ஒத்திகை மரத்தரையில் நடந்து, படப்பிடிப்பு ஈரக் கல்லில் நடந்தால் கால் அளவு மாறிப்போகும். ஒத்திகையில் மேலங்கி இல்லாமல் பழகிவிட்டு டேக்கில் அதைப் போட்டுக்கொண்டால் கைப்பிடி அதில் மாட்டும். களைத்த நேரத்தில் தூரம் குறையும், ஓங்குவதற்கும் வீசுவதற்கும் நடுவிலுள்ள அந்த அரைக்கணம் காணாமல் போகும். நகைச்சுவைச் சண்டையில் இன்னொரு சங்கடம் கூடவே வரும். நடிகர் தடுமாற வேண்டும், ஆனால் நிஜமாகத் தடுமாறக் கூடாது. எதிரே நிற்பவருக்கு இது நடிப்பா வழுக்கலா என்று தெரியாமல் போனால் எண்ணிக்கை அங்கேயே அறுந்துவிடும். இந்தப் படத்தில் அதோஸாக நடித்த ஆலிவர் ரீட் காற்றாலைச் சண்டையில் தொண்டையில் வாள் பட்டுக் காயமடைந்தார். திரையில் அவர் சண்டையைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்காது, மனிதர் முழுப் பலத்தையும் போடுகிறார்.

ஒளிப்பதிவும் இதில் சேர்த்தி. ஒரே கேமரா என்றால் அதை ஒருவர் முதுகுக்குப் பின்னால் வைத்து, நீண்ட லென்ஸ் போட்டு, இருவருக்கும் நடுவிலுள்ள இடைவெளியை மறைத்துவிடலாம். பக்கவாட்டில் வைத்தால் ஒரு சாண் இடைவெளி பளிச்சென்று தெரியும். லெஸ்டருக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரே நேரத்தில் பல கேமராக்களை ஓடவிடும் பழக்கம். நகைச்சுவைக்கு அது நல்லது, ஏனென்றால் நல்ல தடுமாற்றம் ஒருமுறைதான் வரும், எந்தக் கோணத்திலாவது அது பதிவாக வேண்டும். ஆனால் எல்லாப் பக்கமும் கேமரா இருந்தால் மறைக்க இடமில்லை. நடிகர்கள் நெருங்கித்தான் ஆக வேண்டும்.

முதல் படத்தின் இரவுச் சண்டையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். தார்த்தன்யானாக மைக்கேல் யார்க், அவனுடைய எதிரி ரோஷ்ஃபோராக கிறிஸ்டோபர் லீ. வலக்கையில் வாள், இடக்கையில் மூடி போட்ட லாந்தர். மூடியைத் திறந்தால் எதிராளியின் கண் கூசும், ஆனால் நீ நிற்கும் இடமும் அவனுக்குத் தெரிந்துவிடும். மூடினால் நீ மறைவாய், ஆனால் வெளிச்சத்தில் சுருங்கிய உன் கண்மணி விரிய நேரம் பிடிக்கும், அதுவரை நீயும் குருடன். ஆகவே காலால் தரையைத் தடவி, வாளால் வாளைத் தேடித்தான் அடுத்த அடி. இதை ஏதோ சினிமாக் கற்பனை என்று நினைக்க வேண்டாம். 1763இல் லண்டனில் டொமெனிகோ ஆஞ்செலோ வெளியிட்ட வாட்பயிற்சி நூலில் லாந்தரோடு வரும் எதிராளியைச் சமாளிப்பதற்குப் படத்துடன் பாடமே இருக்கிறது. இன்னொன்று, ரோஷ்ஃபோருக்கு நாவலில் கன்னப்பொறியில் தழும்பு மட்டும்தான். கண்பட்டை இந்தப் படம் போட்டது, பின்னால் வந்தவர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பார்க்க ஜோராக இருக்கும், சண்டை போடுபவருக்குத் தொல்லை. ஒற்றைக் கண்ணில் தூரம் சரியாகப் பிடிபடாது. அந்த நிலையில் இருட்டுச் சண்டையை லீ நடித்திருப்பதை நினைத்துப் பாருங்கள்.

சண்டைக்கு அடுத்தபடியாக ஒலி. பல்லக்குத் தூக்கிகள், வேலையாட்கள் போன்ற உதிரி மனிதர்கள் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே இருப்பார்கள். பெரும்பாலும் பிற்பாடு ஒலிப்பதிவில் சேர்த்தவை. பெரிய மனிதர்களின் சாகசத்தைச் சுமப்பவர்களின் புலம்பல் அது. அரசவையோ நாய்களைக் காய்களாக நிறுத்திச் சதுரங்கம் ஆடிக்கொண்டிருக்கிறது. ராஜா பதின்மூன்றாம் லூயியாக நடித்த ழான் பியர் கசேலுக்குக் குரல் கொடுத்தவர் ரிச்சர்ட் பிரயர்ஸ். தார்த்தன்யானின் காதலி கான்ஸ்டன்ஸாக நடித்த ராகெல் வெல்ச்சுக்கு இந்தப் படத்தில் கோல்டன் குளோப் கிடைத்தது. அழகிக்கு இடறி விழும் வேடம் கொடுத்ததுதான் அவருக்குக் கிடைத்த வாய்ப்பு, அதை வீணாக்கவில்லை.

இங்கே ஓர் இடைச்செருகல். தமிழ் சினிமாவுக்கு டூமா அந்நியர் இல்லை. 1940இலும் 1958இலும் வந்த ‘உத்தம புத்திரன்’ இரும்பு முகமூடிக் கதையிலிருந்து வந்தது, 1949இல் ஜெமினியின் ‘அபூர்வ சகோதரர்கள்’ கார்சிகா சகோதரர்களின் கதையிலிருந்து வந்தது. இரண்டிலும் இரட்டை வேடம். ஒரு நட்சத்திரம் இரண்டு பேராக வரும் டூமா நமக்கு உடனே ஒட்டிக்கொண்டார், நான்கு நட்சத்திரம் சமமாக நிற்க வேண்டிய டூமாவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. கால்ஷீட் தெரிந்தவர்களுக்குக் காரணம் விளக்க வேண்டியதில்லை.

கால்ஷீட் என்றதும் பணத் தகராறும் வருகிறது. ஸ்பெயினில் தொலேதோ, சேகோவியா, அரான்ஹுவேஸ் பக்கம் படப்பிடிப்பு நடந்தபோது, நடிகர்கள் ஒரே நீண்ட படத்துக்கு ஒப்பந்தமானவர்கள். தயாரிப்பாளர்களான சால்கைண்ட் குடும்பத்தார் அதை இரண்டாகப் பிரித்துத் தனித்தனியாக வெளியிட்டார்கள். ஒரு சம்பளத்துக்கு இரண்டு படமா என்று நடிகர்கள் வழக்குக்குப் போனார்கள். எடுப்பது எத்தனை படம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும் என்று பிற்பாடு வந்த விதிக்கு ஹாலிவுட்டில் ‘சால்கைண்ட் ஷரத்து’ என்றே பெயர். டூமாவின் பாத்திரங்களே காசுக்குக் கணக்குப் பார்ப்பவர்கள்தானே!

ஆனால் இரண்டாகப் பிரித்ததில் கதைக்கும் ஒரு சேதம் வந்தது. முதல் பாதி வைரப் பதக்கம், அரண்மனை விழா, வாணவேடிக்கை. இரண்டாம் பாதி லா ரொஷேல் நகரின் முற்றுகை, ஆங்கிலப் பிரபு பக்கிங்ஹாமின் கொலை, கான்ஸ்டன்ஸின் சாவு. நாவலில் வில்லி மிலேடி அவளுக்கு நஞ்சு கொடுக்கிறாள், படத்திலோ ஜெபமாலையால் கழுத்தை நெரிக்கிறாள். ஒரே படமாக இடைவேளையோடு வந்திருந்தால் சிரிப்பு கசப்பாக மாறுவது படிப்படியாகத் தெரிந்திருக்கும். தனியாகப் பார்ப்பவர்களுக்கு இரண்டாவது படம் ‘ஏன் திடீரென்று இப்படி?’ என்று இருக்கும். பலர் அதை முதல் படத்துக்குக் கீழே வைக்கிறார்கள், நான் அப்படி வைக்க மாட்டேன். உறைந்த குளத்தின் மீது நடக்கும் சண்டையைப் பாருங்கள். வழுக்கி விழுவது முதலில் வேடிக்கை. பனி விரிசல் விடும்போதும் வழுக்கல் அதே வழுக்கல்தான், சிரிப்பு மட்டும் நின்றுவிடுகிறது. கடைசியில் தேவாலயத்துக்குள் தார்த்தன்யானும் ரோஷ்ஃபோரும் மோதும்போது நகைச்சுவை ஒரு துளிகூடக் கிடையாது. களைத்துப்போன இரண்டு பேர், கனமான இரண்டு வாள்கள்.

இதே குழுவினர் மூன்றாவதாக 1989இல் ஒரு படம் கொண்டுவந்தார்கள். அதன் படப்பிடிப்பில், 1988 செப்டம்பரில், வேலைக்காரன் பிளான்ஷேயாக நடித்த ராய் கினியர் தொலேதோவில் குதிரையிலிருந்து விழுந்து, மறுநாள் இறந்துபோனார். அதன் பிறகு லெஸ்டர் கதைப்படமே எடுக்கவில்லை.

பார்க்க விரும்புபவர்களுக்கு ஒரு யோசனை. ஒவ்வொன்றும் சுமார் ஒன்றே முக்கால் மணி நேரம்தான். இரண்டையும் ஒரே நாளில், நடுவில் கால் மணி நேரம் விட்டு, முதலில் திட்டமிட்டபடியே பாருங்கள். முதல் முறை கதையைப் பார்த்தால் போதும். இரண்டாம் முறை பார்க்கும்போது வாளை விட்டுவிட்டு, சண்டைக்காரர்களின் கால்களையும் பின்னால் நிற்கும் வேலைக்காரர்களையும் கவனியுங்கள். மூன்றாவது படத்தைப் பார்ப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம்.