சாலையையும் விசாரியுங்கள்

அனைவருக்கும் வணக்கம்.

2022இல் நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. நூற்றில் 44 பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். இறப்புகளில் 71 சதவீதத்துக்கு அதிவேகமே காரணம் என்கிறது அந்த அறிக்கை. வேகத்தைக் குறையுங்கள், ஹெல்மெட் போடுங்கள் என்று சொல்வதில் எனக்கு மறுபேச்சே கிடையாது. ஆனால் அந்த 71 சதவீதம் எங்கிருந்து வருகிறது? காவல் நிலையங்கள் அனுப்பும் பதிவுகளிலிருந்து. 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து' என்று எஃப்ஐஆரில் எழுதியதும் பெரும்பாலும் கதை முடிந்துவிடுகிறது. சாலையை விசாரிப்பவர் அரிது.

நாற்கரச் சாலையில் ஏதாவது ஓர் ஊர் விலக்கில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். சென்டர் மீடியனில் ஓர் இடைவெளி, இரு பக்கமும் ஆளுயர அரளி. பின்னால் புல்லுக்கட்டை வைத்துக்கொண்டு டிவிஎஸ் எக்ஸ்எல்லில் ஒருவர் கடக்கக் காத்திருப்பார். லாரி வருகிறதா என்று பார்ப்பதற்கே அவர் முன்சக்கரத்தைச் சாலைக்குள் நீட்டியாக வேண்டும். சரி, இடைவெளியை அடைத்துவிடலாம் என்றால், அடுத்த திருப்பம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். சர்வீஸ் ரோடு பாதியில் நின்றிருக்கும். அப்புறம் அவர் எதிர்த்திசையில்தான் வருவார். யார் தவறை முதலில் எழுதுவது?

மனிதர்கள் தவறு செய்யத்தான் செய்வார்கள், அதற்காக உயிர் போகக் கூடாது, சாலையை அமைப்பவருக்கும் அதில் பொறுப்பு உண்டு என்ற கொள்கையை 1997இல் சுவீடன் நாடாளுமன்றம் ஏற்றது. எதிரெதிர் வாகனங்கள் உரசிப் போன சாலைகளை மூன்று தடங்களாக்கி, நடுவே கம்பிவடத் தடுப்பு போட்டார்கள். நேருக்கு நேர் மோதல் அங்கே பெருமளவு நின்றது. நாடு முழுக்கச் சாலை இறப்பும் பாதிக்குக் கீழே இறங்கியது. ஓட்டுநர்கள் அதே ஓட்டுநர்கள்தான்.

நம்மிடமும் சட்டம் இருக்கிறது. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்துக்குள் 198ஏ பிரிவு வந்தது. வடிவமைப்பிலோ பராமரிப்பிலோ தரத்தைக் கைவிட்டு, அதனால் உயிரோ உறுப்போ போனால், பொறுப்பான துறைக்கோ ஒப்பந்ததாரருக்கோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஓர் உயிருக்கு இது மிகவும் குறைவு என்பேன். அதையாவது நாம் கேட்கிறோமா? தேசிய நெடுஞ்சாலையில் ஓர் இடம் 'பிளாக் ஸ்பாட்', அதாவது அடிக்கடி விபத்து நடக்கும் அபாய இடம் என்று கணக்கில் வர, 500 மீட்டருக்குள் மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ பலத்த காயமோ ஏற்படுத்திய ஐந்து விபத்துகளோ பத்து இறப்புகளோ நடந்திருக்க வேண்டும். முதல் சாவே போதாதா?

போலீசார் விபத்து நடந்த இடத்திலிருந்தே செல்போனில் பதிவு செய்ய, சென்னை ஐஐடி உருவாக்கிய ஐராட் என்ற செயலி இருக்கிறது. இனி வேண்டியது ஒரு கட்டாயம். உயிர் போன ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வாரத்துக்குள் போலீசாரும் சாலைப் பொறியாளரும் சேர்ந்து போக வேண்டும். விளக்கு எரிந்ததா, செடி மறைத்ததா, எத்தனை மீட்டர் தூரம் கண்ணுக்குத் தெரிகிறது என்று எழுத வேண்டும். அந்த அறிக்கை மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கும் போக வேண்டும், ஊராட்சி அலுவலகச் சுவரிலும் ஒட்டப்பட வேண்டும். எதைச் சரிசெய்தீர்கள் என்று அடுத்த கிராம சபையில் ஊர்க்காரர்களே எழுந்து கேட்கட்டும்.