மாத்திரை எலும்புக்குள் போகுமா?

(எலும்பு, மூட்டுத் தொற்று பற்றிப் பொதுமக்கள் முன் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

எலும்பில் சீழ் பிடித்து அறுவை சிகிச்சை முடிந்தவர்களின் வீட்டார் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி இது: "டாக்டர், எலும்பு இவ்வளவு கெட்டியா இருக்கு. வாயில போடுற மாத்திரை அதுக்குள்ள எப்படிப் போகும்? ஊசியே போட்டுடுங்களேன்." நியாயமான கேள்வி. இன்றைக்கு அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கறிக்கடையில் நல்லி எலும்பை வெட்டும்போது பார்த்திருப்பீர்கள். நடுத்தண்டின் சுவர் கல் மாதிரி இருக்கும். முனைப் பக்கம் துளைதுளையாக, சிவப்பாக, ரத்தம் ஊறிக் கிடக்கும். மருந்து எலும்பைக் குடைந்துகொண்டு போவதில்லை, ரத்தத்தோடு போகிறது. அதனால்தான் வான்கோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து அந்தத் துளைப்பகுதியில் கிடைக்கிற அளவுக்குக் கெட்டிச் சுவரில் கிடைப்பதில்லை.

இதை அளப்பது எப்படி? இடுப்பு மூட்டை மாற்றும்போது வெட்டியெடுத்த எலும்பை அரைத்து, அதிலுள்ள மருந்தை ரத்தத்தில் உள்ள அளவோடு ஒப்பிடுவார்கள். பென்சிலின், செஃபலோஸ்போரின் குடும்பங்கள் பெரும்பாலும் ரத்த அளவில் 10 முதல் 30 சதவீதம்தான் வரும். கிளிண்டமைசின், லினசோலிட் பாதியை ஒட்டி நிற்கும். சிப்ரோஃப்ளாக்சசின் வகை அதையும் தாண்டி, சில அளவீடுகளில் ரத்தத்துக்குச் சமமாகவே இருக்கும். 10 சதவீதம் என்றதும் பென்சிலினைத் தள்ளிவிடாதீர்கள். ஊசி வழியாக அதை ரத்தத்தில் மிக அதிகமாக ஏற்ற முடியும். அதில் பத்தில் ஒரு பங்கே பல கிருமிகளுக்குப் போதும். அதே குடும்பத்தை மாத்திரையாகக் கொடுத்தால் ரத்தத்திலேயே குறைவு, எலும்பில் இன்னும் குறைவு. ஆகவே ஊசியா மாத்திரையா என்பதைவிட, எந்த மருந்து என்பதே முக்கியம்.

அரைத்து அளந்த எண்ணை அப்படியே நம்பவும் கூடாது. சூடானின் நூபியாப் பகுதியில் கிடைத்த, 1,400 ஆண்டுகளுக்கும் மேல் பழைய எலும்புகள் புறஊதா ஒளியில் மஞ்சள் பச்சையாக ஒளிர்ந்ததை 1980-இல் வெளியிட்டார்கள். டெட்ராசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்து! தானியத்தில் காய்ச்சிய பீர் வழியாக உடலுக்குள் போயிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. கால்சியத்தோடு ஒட்டிக்கொண்ட மருந்து அத்தனை காலம் எலும்பிலேயே இருந்திருக்கிறது. ஒட்டிக்கொண்ட மருந்து எலும்பில் இருக்கிறதே தவிர, கிருமியோடு சண்டை போட முழுதாக விடுபட்டு நிற்பதில்லை.

மூட்டின் கதை வேறு. மூட்டை உள்ளே போர்த்தியிருக்கும் சவ்வு மருந்தைத் தாராளமாக உள்ளே விடும். மூட்டுக்குள் தனியாக ஊசி போட வேண்டியதில்லை. ஆனாலும் சீழை வெளியேற்றியே ஆக வேண்டும், ஏனென்றால் அது குருத்தெலும்பைச் சில நாட்களிலேயே தின்றுவிடும். காய்ச்சலோடு ஒரு குழந்தை காலை அசைக்க மாட்டேன் என்று அழுதால், தயவுசெய்து எண்ணெய் தேய்த்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். அன்றைக்கே காட்டுங்கள்.

சரி, நாள்பட்ட சீழ் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? உள்ளே செத்த எலும்பு கிடக்கிறது. தந்தம் போல வெளுத்து, உலர்ந்த ஒரு துண்டு. அதற்கு ரத்தமே கிடையாது. எவ்வளவு விலை உயர்ந்த ஊசியானாலும் அதற்குள் போக வழியில்லை. அறுவைக் கூடத்தில் அந்தத் துண்டை எடுத்துவிட்டுச் சுற்றியுள்ள எலும்பைச் சுரண்டிக்கொண்டே போவோம். ஓரிடத்தில் மிளகாய்த்தூள் தூவியது போலப் பொடிப்பொடியாக ரத்தப் புள்ளிகள் அரும்பும். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வரும். அங்கிருந்துதான் மருந்தின் வேலை ஆரம்பம்.

அந்த வேலையை மாத்திரை செய்யுமா? பிரிட்டனில் 26 மருத்துவமனைகளில் 1,054 பேரை வைத்துப் பார்த்தார்கள். முடிவு 2019-இல் வந்தது. முதல் ஆறு வாரம் பாதிப் பேருக்கு ஊசி, பாதிப் பேருக்கு மாத்திரை. ஓராண்டில் சிகிச்சை தோற்றது ஊசியில் 14.6 சதவீதம், மாத்திரையில் 13.2. நமக்கு இது புதிதும் அல்ல. முதுகெலும்புக் காசநோய்க்காரர்களைப் படுக்க வைக்காமல் நடமாடவிட்டு, ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் என்ற மாத்திரைகளைக் கொடுத்துக் குணப்படுத்தியதைச் சென்னை ஆய்வே காட்டியிருக்கிறது. பத்தாண்டு கழித்துப் பார்த்தபோதும், பெரிய அறுவை செய்துகொண்டவர்களைவிட அவர்கள் பின்தங்கவில்லை.

அதே ரிஃபாம்பிசினைத்தான் எலும்பில் உள்ள பிளேட், செயற்கை மூட்டின் மேல் படலமாக ஒட்டியிருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமிக்கும் தருகிறோம். அதைத் தனியாகக் கொடுத்தால் கிருமி வெகு சீக்கிரம் பழகிவிடும். துணைக்கு இன்னொன்று கட்டாயம். "சிறுநீர் சிவப்பாப் போகுது, சூடு" என்று அதை மட்டும் நிறுத்திவிட்டு வருகிறார்கள். அது மருந்தின் நிறம்தான், பயப்பட ஒன்றுமில்லை.

அப்புறம், சிப்ரோஃப்ளாக்சசினைப் பாலோடு விழுங்காதீர்கள். டெட்ராசைக்ளின் போல இதையும் கால்சியம் பிடித்துக்கொள்ளும், அதுவும் குடலிலேயே. ரத்தத்துக்கு வராத மருந்து எலும்புக்கு எங்கே போகும்? தண்ணீரில் விழுங்குங்கள். பாலும், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளும் எத்தனை மணி நேரம் தள்ளி என்று சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.