ஆபிரகாம் பிறந்த ஊர் உர்ஃபாவா, ஈராக்கா? – பயணம் போறவங்க கேட்ட கேள்வி

அடுத்த கேள்வி பாளையங்கோட்டையிலிருந்து ஒரு அம்மா அனுப்பினது. நீளமா எழுதியிருக்காங்க, நான் சுருக்கிச் சொல்றேன். "எங்க சபையிலிருந்து 20 பேர் துருக்கிக்குப் போறோம், சிரியா எல்லையை ஒட்டின பக்கம். நோட்டீஸ்ல முதல் நாள் 'ஆபிரகாம் பிறந்த குகை, உர்ஃபா'ன்னு போட்டிருக்கு. என் பைபிளுக்குப் பின்னாடி இருக்கிற வரைபடத்துல ஊர் பட்டணம் ஈராக்குல, கீழே கடல் பக்கத்துல இருக்கு. நாங்க ஏமாந்துட்டு வரப்போறோமா? அந்தக் குகையில தண்ணி குடிக்கக் கொடுப்பாங்களாமே, அதை வீட்டுக்குக் கொண்டு வரலாமா?"

அம்மா, ஏமாற மாட்டீங்க. ஆனா அந்த நோட்டீஸ்ல "பிறந்த குகை"ன்னு போட்டதுக்குப் பதிலா "பிறந்ததா அந்த ஊர்க்காரங்க நம்புற குகை"ன்னு போட்டிருக்கணும். மூணு வார்த்தை கூட ஆகியிருக்கும், அவ்வளவுதான்.

முதல்ல வசனத்தைப் பார்த்துடுவோம். ஆதியாகமம் 11:31. தேராகு தன் மகன் ஆபிராமையும், பேரன் லோத்தையும், மருமகள் சாராயையும் கூட்டிக்கிட்டு, ஊர் என்கிற கல்தேயருடைய பட்டணத்தை விட்டுக் கிளம்புறார். கானானுக்குப் போகணும்னு கிளம்பினவர் ஆரான்ல தங்கிடுறார். நமக்கு இதுல ஒரு வேடிக்கை. "எந்த ஊர்?" "ஊர்." சண்டே ஸ்கூல்ல இதைச் சொல்லிக் கொடுக்கிறவங்க ஒவ்வொரு வருஷமும் இந்தச் சிரிப்பைக் கடந்துதான் வரணும். இன்னொரு குழப்பமும் இருக்கு. தேராகுவோட செத்துப்போன மகன் பேரும் ஆரான், அவங்க போய்த் தங்கின பட்டணமும் ஆரான். தமிழ்ல ஒரே எழுத்து. எபிரெயத்துல ரெண்டும் வேற வேற எழுத்துல ஆரம்பிக்குது. மகன் பேரைப் பட்டணத்துக்கு வச்சாங்கன்னு யாராவது பிரசங்கம் பண்ணினா, சும்மா கேட்டுக்கோங்க.

இப்ப உர்ஃபா. துருக்கியோட தென்கிழக்கு மூலை. 1984-லதான் பேருக்கு முன்னாடி "ஷான்லி" சேர்த்து ஷான்லிஉர்ஃபா ஆக்கினாங்க, புகழ்பெற்ற உர்ஃபான்னு அர்த்தம். கிரேக்கர் காலத்துல அது எடெஸ்ஸா. சிரியாக் மொழி பேசினவங்களுக்கு உர்ஹோய். இந்த உர்ஹோய்தான் தேய்ஞ்சு உர்ஃபா ஆச்சு. அதனால, "ஊர், உர்ஃபா, ஒரே மாதிரி இருக்கே"ங்கிறதை மட்டும் பிடிச்சுக்கிட்டுப் போகாதீங்க. நம்ம மதுரையும் வடக்க இருக்கிற மதுராவும் காதுக்கு ஒண்ணுதான். மீனாட்சியைத் தேடி யாராவது யமுனைக்கரைக்குப் போவாங்களா?

ஈராக்குல இருக்கிற ஊர், நசிரியாவுக்குப் பக்கத்துல. அங்கே ஊர்-நம்மு ராஜா கட்டின, நாலாயிரம் வருஷத்துக்கு மேல பழசான சிகுராத், அதாவது படிப்படியா உயர்ற கோயில் மேடை, இன்னும் நிக்குது. லியோனார்ட் வூலி 1922-லிருந்து 1934 வரை அங்கே தோண்டினார். 2021 மார்ச்ல போப் பிரான்சிஸ் அங்கே போய்த்தான் யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம் எல்லாருக்கும் தகப்பன்னு ஆபிரகாமை நினைச்சு ஜெபம் பண்ணினார். "கல்தேயர்"ங்கிற சொல்லும் தெற்குப் பக்கத்தைத்தான் காட்டுது. அந்த ஊர்ல சந்திரனைக் கும்பிட்டாங்க, ஆரான்லயும் சந்திரனைக் கும்பிட்டாங்க. ரெண்டுக்கும் நடுவுல போக்குவரத்து இருந்திருக்கும்னு நினைக்க அதுவும் ஒரு காரணம். என் கட்சி தெற்குதான்.

ஆனா வடக்குக் கட்சிக்காரங்களையும் லேசா ஒதுக்க முடியாது. அமெரிக்க அறிஞர் சைரஸ் கார்டன் வடக்கத்திய ஊருக்காக விடாம வாதாடினவர். தெற்கு ஊரிலிருந்து ஆரானுக்கு நேர்கோட்டுல பார்த்தாலே 900 கிலோமீட்டருக்கு மேல. சரி, அது கூட நடந்திருக்கலாம். என்னை யோசிக்க வைக்கிறது ஆபிரகாமோட முன்னோர் பேருங்கதான். செரூகுன்னு ஒருத்தர் வர்றாரில்லையா? உர்ஃபாவுக்குப் பக்கத்துல இன்னைக்கும் சுருச்னு ஒரு தாலுகா ஊர் இருக்கு, அதே பேரு. நாகோர், தேராகு பேர்லயும் அந்த வட்டாரத்துல ஊருங்க இருந்ததுக்குப் பழைய களிமண் பலகைகள்ல தடயம் இருக்கு. மகனுக்குப் பொண்ணு பார்க்க வேலைக்காரனை அனுப்புறப்ப ஆபிரகாம் என்ன சொல்றார்? "என் தேசத்துக்கும் என் இனத்தாரிடத்துக்கும் போ." அந்த ஆள் போனது வடக்க, நாகோருடைய ஊருக்கு. அப்ப சொந்தபந்தம் முழுக்க இந்தப் பக்கம்தான். பிறந்த இடம் எதுவா இருந்தாலும், சொந்த ஊர்னு அவர் வாயால சொன்னது நீங்க போகப்போற சமவெளியைத்தான்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். நீங்க கேட்ட இதே கேள்வியை, இதே இடத்துல, 384-ல ஒரு பொம்பளை கேட்டிருக்காங்க.

எகேரியான்னு பேரு. ஸ்பெயின் பக்கத்துக்காரங்களா இருக்கலாம்னு சொல்றாங்க. அங்கிருந்து கிளம்பி, எருசலேம், சீனாய் எல்லாம் பார்த்துட்டு, அதுவும் போதாம ஐபிராத்து நதியைத் தாண்டி எடெஸ்ஸாவுக்கு வந்து மூணு நாள் தங்கினாங்க. பார்த்ததை எல்லாம் ஊர்ல இருக்கிற சகோதரிகளுக்குக் கடிதமா எழுதினாங்க. அந்தக் கையெழுத்துப் பிரதி இத்தாலியில 1884-லதான் கண்ணுல பட்டுச்சு.

அவங்க எடெஸ்ஸாவுக்கு வந்ததே நம்ம தோமாவுக்காக. ஆமா, மயிலாப்பூர்ல ரத்தம் சிந்தினார்னு நாம சொல்ற அதே தோமா அப்போஸ்தலர். அவரோட எலும்பை இந்தியாவிலிருந்து ஒரு வியாபாரி எடெஸ்ஸாவுக்குக் கொண்டு போனதா அந்தச் சபை சொல்லிச்சு. எப்ரேம்னு பெரிய பக்தர், கவிஞர், 373-ல அந்த ஊர்லயே இறந்தவர், இதைப் பாட்டாவே பாடியிருக்கார். அதுல சாத்தான் ஒப்பாரி வைக்கிறான்: இந்தியாவுல நான் கொன்னவன் எனக்கு முன்னாடியே எடெஸ்ஸாவுக்கு வந்து உக்கார்ந்திருக்கானேன்னு. பிறகு அந்த எலும்பு கியோஸ் தீவுக்குப் போய், 1258-ல இத்தாலியில ஒர்தோனாவுக்குப் போச்சு. உர்ஃபாவுல இன்னைக்குத் தோமா கோயிலைத் தேடினா, நான் பார்த்த வரைக்கும் நின்னு பார்க்கிற மாதிரி எதுவும் மிச்சம் இல்ல. நோட்டீஸ்ல இதைப் பத்தி ஒரு வரி கூட இல்லைன்னு எழுதியிருக்கீங்க. சாந்தோம்ல இருந்து பஸ் பிடிக்கிற தூரத்துல வாழ்றவங்களுக்கு இதை முதல்ல போட வேண்டாமா?

சரி, எகேரியாவுக்கு வர்றேன். எடெஸ்ஸா பிஷப் அவங்களைப் பழைய அரண்மனைக்குக் கூட்டிட்டுப் போய் மீன் நிறைஞ்ச ஊற்றுகளைக் காட்டுறார். இன்னைக்கு நீங்க பார்க்கப்போற பாலிக்லிகோல் மீன் குளம் இருக்கே, அதே பக்கம். இப்ப அங்கே சொல்ற கதை என்ன? நம்ரூது ராஜா, நம்ம பைபிள்ல நிம்ரோது, இப்ராஹீம் நபியை நெருப்புல தூக்கிப் போட்டான், நெருப்பு தண்ணி ஆச்சு, விறகு மீன் ஆச்சு. நெருப்பு குளிர்ந்தது வரைக்கும் குர்ஆன்ல இருக்கு. மீன் அதுல இல்ல, அது உர்ஃபாக்காரங்க சேர்த்தது. அந்த மீனைச் சாப்பிட்டா கண்ணு போயிடும்னு இப்ப நம்புறாங்க, யாரும் தொட மாட்டாங்க. எகேரியா எழுதினதைக் கேளுங்க: இவ்வளவு பெரிய, இப்படிப் பளபளக்கிற, இவ்வளவு ருசியான மீனை நான் எங்கேயும் பார்த்ததில்லை! ருசியானன்னு எழுதுறாங்க. அப்ப சாப்பிட்டிருக்காங்க. அந்த ஊற்றைப் பத்தி பிஷப் சொன்ன கதையில ஆபிரகாமே வரல. எடெஸ்ஸாவை ஆண்ட அப்கார் ராஜா காலத்துல பெர்சியாக்காரன் ஊரை முற்றுகை போட்டுத் தண்ணியைத் திருப்பிட்டான், உடனே ஊருக்குள்ளேயே ஊற்று பீறிட்டு வந்துச்சு, இதுதான் கதை.

அடுத்து ஆரான், உர்ஃபாவுக்குத் தெற்க முக்கால் மணி நேரம். அங்கே எகேரியா பிஷப்பைக் கேட்கிறாங்க: தேராகு முதல்ல குடியிருந்த கல்தேயர் இடம் எங்கே ஐயா? பிஷப், "இதோ எடெஸ்ஸாதான்"னு சொல்லியிருக்கலாம், வந்த வழிதானே? சொல்லல. "மகளே, அது இங்கேயிருந்து பத்தாவது தங்கல் (வழியில ராத்திரி தங்குற இடம்), பெர்சியாவுக்குள்ள. நிசிபிஸ் வரை அஞ்சு தங்கல், அதுக்கு மேல அஞ்சு. இப்ப ரோமருக்கு அங்கே வழி இல்ல, எல்லாம் பெர்சியர் கையில"ன்னார். அது ஈராக்கோட கீழ்க்கோடியும் இல்ல பாருங்க, இது மூணாவது ஊர்! அந்தப் பக்கம் ஊர்னு ஒரு பெர்சியக் கோட்டை இருந்ததை அம்மியானுஸ்ங்கிற ரோமானியச் சரித்திரக்காரரும் குறிச்சிருக்கார். அதனால குகைக்காரங்க மேல கோபப்படாதீங்க. எல்லைப் பக்கத்து ஜனங்க 1,600 வருஷமா இதைப் பேசிக்கிட்டுத்தான் இருக்காங்க.

என் கதையையும் சொல்லிடுறேன். முதல் தடவை ஆட்களைக் கூட்டிட்டுப் போனப்ப, குகை வாசல்ல நிறுத்தி வச்சு இது ஏன் ஊர் இல்லைன்னு பெரிய விளக்கம் கொடுத்தேன். கல்தேயர், சந்திரக் கோயில், எல்லாம். எங்க கூட வந்த பாட்டி ஒருத்தர் பாதியிலேயே உள்ளே போய், தண்ணி குடிச்சு, ஜெபம் பண்ணி, வெளியே வந்து, செருப்பைப் போட்டுக்கிட்டே, "இன்னும் முடியலையா தம்பி?"ன்னாங்க. அதுக்கப்புறம் அந்த விளக்கத்தை பஸ்லயே வச்சுக்கிறேன்.

குளத்துப் பக்கம் போறப்ப இன்னொண்ணும் ஞாபகம் வச்சுக்கோங்க. 1993-ல அந்த இடத்துல கட்டட வேலை பார்த்தப்ப ஒரு சுண்ணாம்புக்கல் சிலை கிடைச்சுது. ஆள் உயரத்துல இருக்கிற மனுஷச் சிலைகள்ல நமக்குத் தெரிஞ்சதுலயே பழசு அதுதான், பத்தாயிரம் வருஷத்துக்கு மேல. கண்ணுக்குக் கருப்புக் கல் பதிச்சிருக்காங்க. உர்ஃபா மியூசியத்துல நிக்குது. எல்லாரும் உர்ஃபாவுக்குப் பக்கத்துல தோண்டி எடுத்த கோபெக்லி டெபே மேட்டுக்கு ஓடுறாங்க, 9,500 கி.மு. காலத்து தூண்கள், அஞ்சரை மீட்டர் வரைக்கும் உயரம், பார்க்கத்தான் வேணும். ஆனா மியூசியத்தை முதல்ல பாருங்க. இல்லைன்னா அந்த மேட்டுல கூரைக்குக் கீழே கல்லைப் பார்த்துட்டு "இவ்வளவுதானா"ம்பீங்க.

ஆரான்ல தேன்கூடு மாதிரி கூம்பு வீடுகளைக் காட்டி "ஆபிரகாம் காலத்து வீடு"ம்பாங்க. இப்ப நிக்கிறது எல்லாம் சில நூறு வருஷத்துக்குள்ள கட்டினது. போட்டோ எடுத்துக்கோங்க, அஞ்சு நிமிஷம் போதும். அங்கே நிக்கிற சதுர கோபுரம், கடைசி உமையா கலீபா மர்வான் கட்டின மசூதியோடது. அதுக்கும் முன்னாடி, கி.மு. 6-ஆம் நூற்றாண்டுல, பாபிலோன் ராஜா நபோனிதுஸ் சந்திரன் கோயிலைத் திரும்பக் கட்டினது இந்த ஊர்லதான். எகேரியா வந்தப்ப கூட ஊருக்குள்ள சாமியார்களையும் குருமாரையும் தவிர கிறிஸ்தவங்களே கிடையாது, எல்லாம் புறஜாதியார்னு எழுதியிருக்காங்க. ஆபிரகாம் வீடுன்னு ஒரு கோயிலும், ராகேலோட ஆட்டுக்கு யாக்கோபு தண்ணி காட்டின கிணறும் அப்பவே காட்டியிருக்காங்க. அவங்க அங்கே போனது ஏப்ரல் 23 திருநாளை ஒட்டி. நீங்களும் ஏப்ரல், இல்லைன்னா அக்டோபர் பாருங்க. நோட்டீஸ்ல ஜூலைன்னு இருக்கிறதா எழுதியிருக்கீங்க. 40 டிகிரிக்கு மேல அடிக்கும், மரம் கிடையாது. தேதியை மாத்தச் சொல்லுங்க, இதுல வெட்கப்படாதீங்க.

நெம்ருத் மலையையும் சேர்த்திருக்காங்க. பேரைப் பார்த்து நிம்ரோதுன்னு நினைக்காதீங்க, அது கொம்மகேனேங்கிற பழைய ராஜ்யத்தை ஆண்ட அந்தியோகுஸோட சமாதி. 20 பேர்ல முட்டி வலிக்காரங்க எத்தனை பேர்னு எண்ணிட்டு முடிவு பண்ணுங்க. அந்த நாளை மிச்சம் பிடிச்சு மார்டின் ஊர்ப் பக்கம் கொடுத்தா நான் சந்தோஷப்படுவேன். டெய்ருல் ஸஃபரான் மடம், குங்குமப்பூ மடம்னு அர்த்தம், 1932 வரைக்கும் சிரியன் ஆர்த்தடாக்ஸ் சபையோட தலைவரான பேட்ரியார்க் இருந்த இடம். உங்க பக்கத்து கேரளாவுக்கு 1875-ல வந்து, அடுத்த வருஷம் முளந்துருத்தியில சுன்னகதோஸ், அதாவது சபை மாமன்றம், கூட்டினாரே, அந்த பேட்ரியார்க் அங்கேதான் அடக்கமாயிருக்கார். மித்யாத் ஊரைத் தாண்டி மோர் கேப்ரியல் மடம், 397-ல ஆரம்பிச்சது. சாயங்கால ஜெபம் சிரியாக்ல நடக்கும். இயேசு பேசின அரமேயிக்குக்குத் தங்கச்சி மொழி அது. கூட்டமா நின்னு போன்ல படம் எடுக்காம, ஓரமா நின்னு கேளுங்க.

நோட்டீஸ்ல இல்லாத ஒரு இடத்தை மட்டும் கேட்டு வாங்குங்க: நுசைபின். பிஷப் சொன்ன அஞ்சாவது தங்கல், அந்த நிசிபிஸ்தான் இது. எப்ரேம் பிறந்து வளர்ந்த இடம். 363-ல ரோமர் போர்ல தோத்து ஊரைப் பெர்சியருக்கு எழுதிக் கொடுத்தப்ப, கிறிஸ்தவ ஜனங்க மூட்டை கட்டிக் கிளம்பினாங்க, எப்ரேமும் அப்படித்தான் எடெஸ்ஸாவுக்கு வந்து சேர்ந்தார். மோர் யாகூப் கோயில் சுவர்ல 359-ஆம் வருஷத்துக் கல்வெட்டு இருக்கு. எப்ரேம் அந்தக் கல்லைப் பார்த்திருப்பார். கோயிலுக்குச் சற்றுத் தள்ளி எல்லை வேலி, அந்தப் பக்கம் சிரியாவோட காமிஷ்லி வீடுங்க தெரியும். எகேரியாவுக்கு அடைச்ச வழி உங்களுக்கும் அங்கேதான் அடைக்கும்.

அப்புறம் தண்ணி கேட்டீங்க. குடிக்கலாம், கொண்டும் வரலாம். குகைக்குள்ள ஆண், பெண் தனித்தனி வாசல், தலையில முக்காடு வேணும், வாசல் தாழ்வு, பார்த்துப் போங்க. பாட்டிலைக் கைப்பையில வச்சுடாதீங்க, ஏர்போர்ட்ல 100 மில்லிக்கு மேல விட மாட்டாங்க, பெரிய பெட்டியில துணிக்கு நடுவுல சுத்தி வைங்க. மூடியை டேப் போட்டு ஒட்டிடுங்க.

அடுத்த கேள்வி தூத்துக்குடியிலிருந்து வந்திருக்கு, பார்ப்போம்.