பாடுபவருக்கு முகம், ஆடுபவருக்கு இடுப்பு

நடுவர் அவர்களே, வணக்கம். இசைக் காணொளிகளில் பெண் வருவது ஆளாகவா, பொருளாகவா? பொருளாகத்தான் என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

முதல் சண்டை என் அணிக்குள்ளேயே. எனக்கு முன்னால் பேசிய எங்கள் நண்பர் உடையைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் தொங்கினார். ஐயா, மன்னிக்கணும், சிக்கல் துணியில் இல்லை. கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடிய பெண்ணையும் பொருளாக்கிக் காட்டக் கேமராவுக்குத் தெரியும். எதிரணி கைதட்ட வேண்டாம், அடுத்து உங்களிடம்தான் வருகிறேன்.

எதிரணித் தலைவி கேட்டார்: "நம் புலவர்கள் பாதாதிகேசம் பாடவில்லையா? அது கலை, இது மட்டும் குற்றமா?" பாடினார்கள் அம்மா. அதிலும் எனக்குக் கேள்விகள் உண்டு, அதற்குத் தனியாக ஒரு பட்டிமன்றம் போடுங்கள். ஆனால் பாதத்தில் தொடங்கினால் கேசம் வரை போய்ச் சேர வேண்டும் என்ற ஒழுங்காவது அங்கே இருந்தது. இந்தக் கேமரா காலில் கிளம்புகிறது, இடுப்பில் இளைப்பாறுகிறது, கழுத்துக்கு வந்ததும் வெட்டு! அடுத்த ஷாட்டில் பாடகர் முகம், திரை நிறைய. அவருக்குக் கண் இருக்கிறது, கண்ணீர் இருக்கிறது. அவளுக்கு ஸ்லோமோஷன் இருக்கிறது.

ஒரு பழைய காணொளியைச் சொல்கிறேன். 1986, ராபர்ட் பால்மர் என்ற ஆங்கிலேயப் பாடகரின் 'அடிக்டட் டு லவ்'. சட்டையும் டையுமாக நடுவில் நின்று பாடுகிறார். பின்னால் ஐந்து பெண்கள். ஒரே மாதிரி இழுத்து வாரிய தலை, ஒரே சிவப்பில் உதட்டுச் சாயம், ஒரே கறுப்பு உடை. கிட்டார், டிரம்ஸ் என்று கருவிகள் இருக்கின்றன, ஆனால் வாசிப்பதெல்லாம் பாவனை. அவர்கள் இசைக் கலைஞர்களே அல்ல, மாடல்கள். இடம் மாற்றி நிறுத்தினாலும் நமக்குத் தெரியாது. தத்துவ அறிஞர் மார்த்தா நுஸ்பாம் 1995-இல், மனிதரைப் பொருளாக நடத்துவதற்கு ஏழு அடையாளங்கள் சொன்னார். அதில் ஒன்று, இது போனால் அது என்று மாற்றிக்கொள்ளலாம் என நினைப்பது. பல்பு மாற்றுகிற மாதிரி.

1999-இல் கனடாப் பாடகி ஷனாயா ட்வைன் தன் காணொளியில் அதையே திருப்பிப் போட்டார். முன்னால் அவர், பின்னால் இறுக்கமான உடையில் அசைவில்லாத முகத்தோடு ஆண்கள். பார்த்ததும் சிரிப்பு வருகிறது. நடுவர் அவர்களே, அந்தச் சிரிப்புதான் என் சாட்சி. ஆணை அப்படி நிறுத்தினால் கேலி, பெண்ணை நிறுத்தினால் 'ஸ்டைல்'!

"அவளே விரும்பித்தானே ஆடுகிறாள்?" என்றார்கள். பெயர் பெற்ற பாடகிக்கு அந்த உரிமை இருக்கலாம், மறுக்கவில்லை. பின்னால் ஆடும் எட்டுப் பேருக்கு? எந்த ஷாட்டை வைப்பது, எங்கே வெட்டுவது என்று எடிட்டிங் மேசையில் யாராவது அவர்களைக் கேட்டார்களா?

பார்க்கிற பெண்ணுக்கு என்ன ஆகிறது? உளவியலாளர்கள் பார்பரா ஃப்ரெட்ரிக்சனும் டோமி-ஆன் ராபர்ட்ஸும் 1997-இல் விளக்கினார்கள்: பிறர் பார்வையைக் கடன் வாங்கித் தன் உடம்பைத் தானே வெளியிலிருந்து பார்க்கப் பழகுகிறாள். அடுத்த ஆண்டு ஒரு சோதனை. ஆள் தனியாக, கண்ணாடி முன் நீச்சலுடை அல்லது ஸ்வெட்டர் போட்டுப் பார்த்து, அதே உடையில் கணக்குப் போட வேண்டும். நீச்சலுடையில் இருந்த பெண்களின் மதிப்பெண் குறைந்தது, ஆண்களுக்குக் குறையவில்லை. அறையில் வேறு யாரும் இல்லை ஐயா! பார்க்கிற கண் அவளுக்குள்ளேயே குடியேறிவிட்டது.

கடைசியாக, "பாட்டுதானே முக்கியம், படத்தை யார் கவனிக்கிறார்கள்?" என்றார் எதிரணி இளைஞர். சட் ஜாலி என்ற அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் 1990-களின் தொடக்கத்தில் இதற்குப் பதிலைச் செய்தே காட்டினார். காணொளித் துண்டுகளை வரிசையாக அடுக்கி, பாட்டை நீக்கிவிட்டுத் தன் விளக்கத்தை வைத்து மாணவர்களுக்கு ஒரு படம் செய்தார். வழக்குப் போடுவோம் என்று, இசைக் காணொளிகளை ஒளிபரப்பிய எம்டிவி தொலைக்காட்சி மிரட்டியது. படத்தை யாருமே கவனிக்கவில்லை என்றால் எதற்கு அந்தப் பதற்றம்?

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். எதிரணி பெருமையாகப் போட்டுக் காட்டியதே ஒரு காணொளி, அதையே தீர்ப்புக்கு முன் ஒருமுறை சத்தத்தை நிறுத்திவிட்டு ஓடவிடுங்கள். நான் உட்கார்ந்து கொள்கிறேன்.